கோல் காக்க ஒரேயோர் இடந்தான்: சின்னப் பல்கலைக்கழக அணியா, பெரியதா, கல்லூரியா?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கும் ஒரு தாய் போன வாரம் தொலைபேசியில் பிடித்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கழக உதைபந்தாட்ட அணியில் கோல்காப்பாளர். மூன்று இடத்துக் கோச்மார் எழுதியிருக்கிறார்கள். ஒன்று நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம், மற்றது ரொறன்ரோவுக்குள் பெரிய பல்கலைக்கழகம், மூன்றாவது வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் உள்ள, டிப்ளோமா கொடுக்கும் கல்லூரி. "அண்ணை, உங்கட மகளும் அந்தப் பக்கம்தானே விளையாடினவா. எது நல்லம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

இதே கேள்வியைக் கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும் பல தடவை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாதிப் பதிலோடு சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பிவிடுவோம். இந்த முறை முழுக்க எழுதிவைக்கிறேன்.

சின்னப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்வது இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மாணவர் வரை படிக்கும் இடங்களை. நோவா ஸ்கோஷியாவில் வுல்ப்வில்லில் இருக்கும் அக்கேடியா, அன்ரிகொனிஷில் இருக்கும் சென்ட் பிரான்சிஸ் சேவியர், நியூ பிரன்சுவிக்கின் சக்வில்லில் மவுண்ட் அலிசன், கியூபெக்கின் லெனொக்ஸ்வில்லில் பிஷப்ஸ், மனிற்றோபாவில் பிரண்டன், ஒன்ராறியோவின் வடக்கே நோர்த் பேயில் நிப்பிசிங் போன்றவை. பல்கலைக்கழக விளையாட்டை நாடு முழுக்க நடத்துவது யூ ஸ்போர்ட்ஸ். 2016 வரை அதற்கு சி.ஐ.எஸ். என்று பெயர். அதற்குள் நாலு பிராந்தியம்: மேற்கில் கனடா வெஸ்ட், ஒன்ராறியோவில் ஓ.யு.ஏ., கியூபெக்கில் ஆர்.எஸ்.ஈ.கியூ., அத்திலாந்திக் கரையில் ஏ.யு.எஸ். கல்லூரிகளுக்கு சி.சி.ஏ.ஏ. என்ற தனி அமைப்பு உண்டு. (2021 பெப்ரவரியில் சட்பெரியின் லோரன்ஷியன் பல்கலைக்கழகம் "சி.சி.ஏ.ஏ.க்குப் போய்விட்டது" என்று செய்தி வந்தபோது, அணிகளைக் கல்லூரிப் போட்டிக்கு இறக்கிவிட்டார்களாக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அது கடன்காரரிடமிருந்து பாதுகாப்புத் தேடும் சட்டத்தின் பெயர். எழுத்து நாலும் ஒன்று, விசயம் வேறு.)

## எதை வைத்து நிறுப்பது

முதலாவது, பிள்ளை ஆடுமா. அணியில் பேர் இருப்பது வேறு, மைதானத்தில் நிற்பது வேறு. இதைக் கோச்சிடம் கேட்டால் "நல்ல வாய்ப்பு இருக்கு" என்பார்; எல்லாப் பிள்ளைக்கும் அதையே சொல்லுவார். கேட்கவேண்டிய இடம் அணியின் இணையப் பக்கத்தில் இருக்கும் வீரர் பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் எந்த இடத்தில் ஆடுகிறார், எத்தனையாம் ஆண்டு என்று இருக்கும். யூ ஸ்போர்ட்ஸில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு ஆடும் தகுதி உண்டு. ஆகவே கணக்கு லேசு: உங்கள் பிள்ளை போகும் ஆண்டில் அதே இடத்தில் ஆடும் எத்தனை பேர் இன்னும் அங்கே நிற்பார்கள்? கோல்காப்பாளருக்கு இந்தக் கணக்கு ஈவிரக்கம் இல்லாதது. நடுக்கள வீராங்கனையைக் கடைசி இருபது நிமிடத்துக்கு மாற்றி இறக்கலாம். கோல்காப்பாளரை எவரும் அப்படி மாற்றுவதில்லை. இப்போது நல்லாக ஆடும் இரண்டாம் ஆண்டுக்காரி ஒருத்தி இருந்தால், உங்கள் மகள் மூன்று ஆண்டு வாங்கில் இருப்பாள் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்று, நாலு வருடத்துப் பழைய பட்டியல்களையும் திறந்து பாருங்கள். முதலாம் ஆண்டில் வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் நிற்கிறார்கள் என்று தெரியும். பாதிப்பேரைக் காணவில்லை என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

இரண்டாவதை நான் முழங்கால் சோதனை என்பேன். செப்டெம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து, அந்த வருடம் முழுக்க ஆட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பவும் அந்த ஊரில், அந்தப் பாடத்தைப் படிக்கப் பிள்ளைக்கு விருப்பம் இருக்குமா? இல்லை என்றால் அந்தத் தெரிவை அதோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது காசு. நாலாவது மணித்தியாலம், பயிற்சிக்கும் பயணத்துக்கும் போகும் நேரத்தை ஆரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐந்தாவது, அந்த அணி நாலு வருடம் உயிரோடு இருக்குமா என்பது.

| | சின்னப் பல்கலைக்கழகம் | பெரிய பல்கலைக்கழகம் | கல்லூரி |
|---|---|---|---|
| ஆட்ட நேரம் | முதலாம், இரண்டாம் ஆண்டிலேயே கிடைக்கக்கூடும் | இரண்டு, மூன்று ஆண்டு காத்திருக்க நேரலாம் | பெரும்பாலும் உடனே |
| முழங்கால் சோதனை | ஊரும் பாடமும் பிடித்தால் மட்டும் தேறும் | பாடத் தெரிவு பரந்தது, லேசாகத் தேறும் | பட்டத்துக்கு மாறும் வழி தெளிவாக இருந்தால் தேறும் |
| பெரிய செலவு | விடுதியும் விமானமும் | கல்விக்கட்டணம். வீட்டிலிருந்து போனால் மிச்சம் | மிகக் குறைவு |
| நேரம் தின்பது | வார இறுதிப் பஸ் பயணம் | தினப் போக்குவரத்து | பகுதிநேர வேலையும் சேர்ந்துவிடும் |
| அணி நிலைக்குமா | ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் தங்கியிருக்கிறது | ஓரளவு பாதுகாப்பு | ஓரளவு பாதுகாப்பு |

## சின்னப் பல்கலைக்கழகம்

என் மகள் பின்களத்தில் ஆடினாள். இரண்டாம் ஆண்டு ஒக்ரோபரில், ரொறன்ரோவில் இருந்து ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றர் வாகனம் ஓடி அவளின் ஆட்டம் பார்க்கப் போனோம். மைதானத்தைச் சுற்றி ஊர்ச்சனம் மடக்குக் கதிரை போட்டு, காலடியில் நாயையும் படுக்கவிட்டுக்கொண்டு இருந்தது. ஆட்டம் தொடங்க முதல் அறிவிப்பாளர் எங்களைத் தேடி வந்து, எங்கள் குடும்பப் பெயரை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு அசையாகத் தன் தாளில் எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டு வருடம் ரொறன்ரோப் பள்ளிக்கூடங்களில் ஒருவரும் முழுசாகச் சொல்லாத பெயரை அன்றைக்கு ஒலிபெருக்கியில் சரியாகக் கேட்டோம். அடுத்த நாள் பலசரக்குக் கடையில் காசு வாங்கிய பிள்ளை, "நேற்று அந்தக் கடைசிப் பந்தை நல்லாத் தடுத்தீங்கள்" என்று மகளிடம் சொன்னது.

ஐயாயிரம் பேர் இருக்கும் ஊரில் பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி. பெரிய நகரத்தில் உலகக் கிண்ணத்துக்கு ஆடியவரையே ஆருக்கும் தெரியாது. இங்கே பதில் வீராங்கனையையும் கடைக்காரருக்குத் தெரியும். இந்தச் சுகம் பட்டியலில் ஏறாது, ஆனால் வீட்டை விட்டுப் போன பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவது பனிக்காலத்தைத் தாண்ட அது உதவும்.

விளையாட்டுத் தரம் குறைவு என்று நினைப்பது தவறு. சென்ட் பிரான்சிஸ் சேவியர் ஆண்கள் கூடைப்பந்தில் 2000, 2001 இரண்டு வருடமும் தேசியக் கிண்ணம் எடுத்தது. பெண்கள் ரக்பியில் 2006, 2010, 2012, 2014, 2018 என்று அன்ரிகொனிஷுக்குக் கிண்ணம் போய்க்கொண்டே இருந்தது. பிரண்டன் 1987 முதல் 1989 வரை தொடர்ந்து மூன்று முறை கூடைப்பந்தில் வென்றது. நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகம் 2007இல் பெண்கள் உதைபந்தாட்டத்திலும் 2017இல் ஆண்களிலும் நாட்டுக்கே முதலாவது. கொஞ்சப் பேரைக் கொண்ட இடம் எல்லா விளையாட்டிலும் வெல்ல முடியாது. ஒன்றிரண்டைப் பிடித்து அதில் உழைப்பைக் கொட்டும். உங்கள் பிள்ளையின் விளையாட்டு அந்த ஒன்றிரண்டில் சேர்த்தியா என்று பாருங்கள். கிண்ணம் வைக்கும் கண்ணாடி அலுமாரி ஓரளவு சொல்லும். அதைவிட, கோச் முழுநேரமா பகுதிநேரமா என்ற கேள்வி கூடச் சொல்லும்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் அணிக்கு அணி போட்டித் தரம் வேறு. மவுண்ட் அலிசன் உதைபந்தாட்டத்தையும் புட்போலையும் (முட்டைவடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடும் வட அமெரிக்க ஆட்டம்) ஏ.யு.எஸ்.இல் ஆடுகிறது; கூடைப்பந்தை அத்திலாந்திக் கல்லூரிகளின் போட்டியில் ஆடுகிறது. பிரெடரிக்ரனில் உள்ள சென்ட் தோமஸ் பெண்கள் ஐஸ் ஹொக்கியை ஏ.யு.எஸ்.இல் வைத்துக்கொண்டு மற்றவற்றில் பலதைக் கல்லூரிப் போட்டிக்கு விட்டிருக்கிறது. "அது பல்கலைக்கழகம்தானே" என்று இருந்துவிட்டால் பிறகு ஆச்சரியப்படுவீர்கள்.

இனிக் காசு. "ஸ்கொலர்சிப்போட கூப்பிட்டிருக்கினம்" என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மனதில் நிற்கின்றன. அங்கே சாப்பாடு, தங்குமிடம் வரை கொடுக்கும் புலமைப்பரிசில் உண்டு. கனடாவில் விளையாட்டுக்கான உதவித்தொகை கல்விக்கட்டணம், கட்டாயக் கட்டணங்கள் என்ற எல்லைக்குள் நிற்கும். ஒன்ராறியோவில் அதையும் விடக் கீழான உச்சவரம்பு நீண்டகாலம் இருந்தது. ஒரு அணிக்கு இருக்கும் மொத்தக் காசைக் கோச் இருபத்தைந்து பேருக்குப் பிரிக்கவேண்டும் என்பதால் முழு எல்லையைத் தொடுபவர்கள் மிகச் சிலர். கல்விக்கட்டணத்தில் கனடாவிலேயே மேல்வரிசையில் இருப்பது நோவா ஸ்கோஷியா. ஆகவே இரண்டாயிரம் டொலர் தருகிறோம் என்ற கடிதம் பார்க்க அழகாக இருக்கும். விடுதியும் சாப்பாடும் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல் வரும்போது அது எந்த மூலைக்கு?

அங்கே உண்மையான காசு படிப்புக்கான புலமைப்பரிசிலில் இருக்கிறது. தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைக்குச் சின்னப் பல்கலைக்கழகங்கள் தாராளமாகக் கொடுக்கும், ஏனெனில் அவர்களுக்கு ஆள் வேண்டும். பந்தடிக்குக் கிடைப்பதையும் புள்ளிக்குக் கிடைப்பதையும் சேர்த்து வாங்கலாமா, எத்தனை ஆண்டுக்கு, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறைவாக இருக்கும் செலவுகளில் முதலாவது ஓகஸ்ட் மாதம். பயிற்சி முகாம் ஓகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும், அதனால் கோடைகால வேலையில் கடைசி இரண்டு, மூன்று கிழமைச் சம்பளம் போய்விடும். கூடைப்பந்து, கரப்பந்து என்றால் நத்தாருக்கு வந்த பிள்ளை புதுவருடத்தோடு திரும்பவேண்டும். அந்த நாட்களின் விமானச் சீட்டு விலையை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு செலவும் இருந்தது. வருடத்துக்கு இரண்டு தரம் வறுத்த தூளும், அரிசிமாவும், உறைகுளிரில் வைத்த கறியும் பெட்டி நிறையப் போகும். மகளின் அறைத்தோழிகளுக்குக் கடைசியில் பிட்டு அவிக்கத் தெரிந்திருந்தது.

பயணம். ஏ.யு.எஸ்.இல் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஆடும். ஹலிபாக்ஸில் இருந்து கேப் பிரெட்டனின் சிட்னிக்கு நானூறு கிலோமீற்றர். நியூபவுண்ட்லாந்துக்கு விமானம்தான். வெள்ளி மத்தியானம் வெளிக்கிட்டால் அணி ஞாயிறு இரவுதான் திரும்பி வரும். வெள்ளிக்கிழமை ஆய்வுகூட வகுப்பு இருக்கும் விஞ்ஞானப் பிள்ளைக்கு இது பெரிய தலையிடி. முதலாம் ஆண்டில் மகள் இரசாயனவியல் அறிக்கையைப் பஸ்ஸின் பின்வரிசையில், தொலைபேசி வெளிச்சத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு எழுதினாள். அதற்காகக் கோச் ஒரு படம் எடுத்து அணிச் சுவரில் ஒட்டினார். அவளின் புள்ளி அந்தத் தவணை விழுந்ததைப் பற்றிச் சுவரில் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு நடந்த பெரிய கெடுதி அந்தக் கோச்சாலேயே வந்தது. மகளைத் தேடி அழைத்தவர், வீட்டுக்கு வந்து வடை சாப்பிட்டுவிட்டு "நாலு வருடமும் நான் பொறுப்பு" என்று சொன்னவர், இரண்டாம் ஆண்டு முடிந்த மே மாதம் வேறு இடத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தனக்குத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டுவந்தார். மகள் மூன்றாம் ஆண்டு பாதி ஆட்டம் வாங்கில் இருந்தாள், மறுபாதியில் முழங்கால் போனது. அவள் அங்கேயே நின்று பட்டம் முடித்ததற்குக் காரணம் உயிரியல் பேராசிரியை ஒருவர். பதினெட்டுப் பேர் மட்டும் இருந்த வகுப்பில் இவளைக் கவனித்து, அந்தக் கோடையில் தன் ஆய்வுகூடத்தில் சம்பளத்தோடு வேலை கொடுத்தார். முழங்கால் சோதனை என்று நான் முன்னம் சொன்னது அங்கே படித்த பாடம்.

ஆகவே கோச்சிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "உங்கட ஒப்பந்தம் எந்த வருசம் முடியுது?" பதில் சொல்லக் கூசுகிறவர் மற்றதையும் மறைப்பார்.

கடைசியாக, அணியின் ஆயுள். சென்ட் தோமஸ் தன் ஆண்கள் ஹொக்கி அணியை 2016இல் நிறுத்தியது. மேற்கே சைமன் பிரேசர் பல்கலைக்கழகம், அது சின்ன இடமும் இல்லை, 2023 ஏப்ரலில் புட்போலை மூடியது. அமெரிக்க லீக் ஒன்றில் ஆடிவந்த அணி அது. அந்த லீக் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததோடு கதை முடிந்தது. ஏப்ரலில் அறிவித்தால் வேறு இடம் பார்க்கப் பிள்ளைக்கு எத்தனை நாள் இருக்கும்? சின்னப் பல்கலைக்கழகத்தில் மாணவர் எண்ணிக்கை முந்நூறு குறைந்தாலே வரவுசெலவில் ஓட்டை விழும். அப்போது முதலில் கத்தி வைக்கும் இடங்களில் விளையாட்டும் ஒன்று. அணியின் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பழைய மாணவர் போட்டுவைத்த நிதியம் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. பல்கலைக்கழகத்தின் பொதுப் பணத்தில் மட்டும் ஓடினால் கவனம்.

யாருக்குப் பொருந்தும்: முதலாம் ஆண்டிலேயே ஆட விரும்பும், படிப்பிலும் நல்ல புள்ளி உள்ள, சின்ன ஊர்ச் சீவியம் பிடிக்கும் பிள்ளைக்கு. அம்மாவின் சமையலையும் ஸ்காபரோ நண்பர்களையும் விட்டு இருக்க முடியாத பிள்ளைக்கு இது சரிவராது. அது குறை ஒன்றும் இல்லை.

## பெரிய பல்கலைக்கழகம்

இதன் பலம் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. பாடத்தை இடையில் மாற்றலாம். பொறியியலில் இருந்து கணினிக்கு, கணினியில் இருந்து வணிகத்துக்கு, கூடாரத்தைப் பிரிக்காமலே போகலாம். விளையாட்டு மருத்துவம், பிசியோ, பெரிய உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆட்ட நேரம் என்று வந்தால் கதை மாறும். ஒட்டாவாவின் கார்ல்ரன் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி 2003 முதல் 2023 வரை பதினேழு தேசியக் கிண்ணம் எடுத்தது. அப்படிப்பட்ட அணியின் வாங்கில் பன்னிரண்டாவது ஆளாக இருப்பதும் ஒரு படிப்புத்தான் என்று சிலர் சொல்லுவார்கள். நாளும் நாட்டின் மிகச் சிறந்தவர்களோடு பயிற்சி எடுப்பதில் உண்மையான பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் ஆடித்தான் ஆட்டம் வரும் என்பது என் கட்சி. ஓகஸ்ட் கடைசியில் நடக்கும் திறந்த தேர்வில் போய் இடம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், போன வருடம் அப்படி எத்தனை பேர் எடுபட்டார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

"வீட்டிலிருந்து போகலாம், அந்தக் காசு மிச்சம்" என்பதுதான் எங்கள் வீடுகளில் பெரிய வாதம். அதையும் எண்ணிப் பார்ப்போம். ஸ்காபரோவின் கிழக்குக் கரையில் இருந்து நகர நடுவில் உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக மைதானத்துக்குப் பஸ்ஸும் ரெயினும் மாறிப் போக ஒன்றரை மணித்தியாலம் என்று வையுங்கள். போகவர மூன்று. கிழமைக்கு ஐந்து நாள், செப்டெம்பர் முதல் நவம்பர் வரை பன்னிரண்டு கிழமை: நூற்றியெண்பது மணித்தியாலம். அத்திலாந்திக் கரையில் ஆறு வெளியூர்ப் பயணம், ஒவ்வொன்றிலும் பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் என்றாலும் நாற்பத்தெட்டுத்தான். பஸ்ஸில் நித்திரை கொள்ளவும் படிக்கவும் இடம் உண்டு; மாலை ஐந்தரைக்குச் சுரங்க ரெயினில் நிற்கத்தான் இடம். காலை ஆறரைப் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு எழும்பவேண்டும் என்று தகப்பன்மார் ஒருக்கால் யோசியுங்கள், ஏனென்றால் கடைசியில் வாகனம் எடுக்கப்போவது நீங்கள்தான்.

பெரிய இடம் என்பதால் அணி சாகாது என்றும் இல்லை. கார்ல்ரன் 1998 பருவத்தோடு புட்போலைக் கைவிட்டது. திரும்ப வந்தது 2013இல். ஆனாலும் பொதுவாகச் சொன்னால் இங்கே ஆபத்துக் குறைவு, அப்படியே அணி போனாலும் பிள்ளை படிக்கும் பட்டத்தின் பெறுமதி குறையாது.

யாருக்குப் பொருந்தும்: பாடம் குறிப்பானது, அது இங்கேதான் இருக்கிறது என்ற பிள்ளைக்கு. அல்லது உண்மையிலேயே முதல் தரத்தில் இருந்து, பெரிய கோச் தானாகத் தேடிவந்த பிள்ளைக்கு.

## கல்லூரி

எங்கள் ஆட்களின் வாயில் "கொலிஜ்" என்றாலே ஒரு படி கீழ். இதைச் சொல்லியே நல்ல தெரிவு ஒன்றைப் பல வீடுகள் தட்டிவிடுகின்றன.

ஒன்ராறியோக் கல்லூரியில் இரண்டு, மூன்று வருட டிப்ளோமாவுக்குக் கல்விக்கட்டணம் வருடத்துக்கு மூவாயிரம் டொலர் அளவில்தான் வரும். ரொறன்ரோவின் ஹம்பர் போன்ற கல்லூரிகள் உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்திலும் கரப்பந்திலும் பல பல்கலைக்கழக அணிகளுக்குச் சளைத்தவை இல்லை. இரண்டும் சேர்ந்து நடத்திய குவெல்ப்-ஹம்பரில் படித்த பிள்ளைகள் குவெல்ப் பல்கலைக்கழகப் பட்டத்தை எடுத்துக்கொண்டு ஹம்பர் அணியில் ஆடியிருக்கிறார்கள். நோர்த் பேயில் நிப்பிசிங் பல்கலைக்கழகமும் கனடோர் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பட்மின்ரனில் பிள்ளை கெட்டித்தனம் என்றால், தேசிய அளவில் பல்கலைக்கழகங்களை விடக் கல்லூரிதான் இடம். யூ ஸ்போர்ட்ஸ் நடத்தும் தேசியப் போட்டிகளில் பட்மின்ரன் இல்லை, சி.சி.ஏ.ஏ.இல் உண்டு. மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் பட்மின்ரன் கூடங்களுக்கு மாதாமாதம் காசு கட்டும் பெற்றோர் கவனிக்க.

மறைவான செலவு இரண்டு. கல்லூரியில் ஆடிய ஆண்டுகளும் அந்த ஐந்தில் கழியும் என்றே கணக்குப் போடுங்கள். இரண்டு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றுதான் மிச்சம். மற்றது, கல்லூரிப் பாடங்களில் எத்தனை கிரெடிற்றைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்பது. சில துறைகளில் இரண்டு வருடத்துக்கு இரண்டு வருடம் அப்படியே எடுப்பார்கள், சிலவற்றில் பாதியை வெட்டுவார்கள். சேர முதலே இரண்டு இடத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தை எழுத்தில் பாருங்கள். மற்றப்படி, வீட்டில் இருக்கும் பிள்ளை வேலைக்கும் போகத் தொடங்கும். வேலை, வகுப்பு, பயிற்சி மூன்றும் சேர்ந்தால் முதலில் விழுவது வகுப்பு. யூ ஸ்போர்ட்ஸிலாவது ஒரு கடிவாளம் உண்டு. ஆடும் தவணையில் குறைந்தது மூன்று பாடம் படிக்கவேண்டும், அதற்கு முந்தின வருடத்தில் பதினெட்டுக் கிரெடிற் தேறியிருக்கவேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: புள்ளி எண்பதைத் தொடாத, அல்லது என்ன படிப்பது என்று இன்னும் தெரியாத, ஆனால் ஆட்டத்தை விட மனமில்லாத பிள்ளைக்கு. பதினெட்டு வயதில் உடம்பு இன்னும் முற்றாத பொடியன்மாருக்கும் இரண்டு வருடம் நல்ல அவகாசம்.

## பொடியன்மாருக்குக் கொஞ்சம் வேறு கணக்கு

ஐஸ் ஹொக்கியில் இந்தக் கட்டுரையின் பாதி செல்லாது. அத்திலாந்திக் பல்கலைக்கழக ஆண்கள் ஹொக்கியில் ஆடுபவர்கள் பெரும்பாலும் மேஜர் ஜூனியர் என்ற இளையோர் லீக்கில் ஆடி முடித்த இருபது, இருபத்தொரு வயதுக்காரர். அந்த லீக்கில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடக் கல்விச் செலவு கிடைக்கும் என்பதால் அங்கிருந்து நேரே இங்கே வந்தார்கள். பள்ளிக்கூடத்தால் வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே இடம் எடுப்பது கடினம். நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகம் 2023-24 பருவத்தில் 43 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டியும் அந்த மேஜர் ஜூனியர் வீரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது: 2024 நவம்பரில் எடுத்த முடிவு, 2025 ஓகஸ்ட் முதல் நடைமுறை. நல்ல ஆட்கள் தெற்கே போகப்போக இங்கே இடம் கொஞ்சம் இளகலாம்.

புட்போலில் எதிர்ப்பக்கம். அணிக்கு எண்பது பேர் வரை வேண்டும், அத்திலாந்திக் போட்டியில் ஐந்து அணிதான்: அக்கேடியா, மவுண்ட் அலிசன், சென்ட் பிரான்சிஸ் சேவியர், சென்ட் மேரிஸ், 2017 முதல் கியூபெக்கில் இருந்து வந்து சேர்ந்த பிஷப்ஸ். இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர் உள்ள மவுண்ட் அலிசனில் எண்பது பேர் என்றால் ஏறக்குறைய முப்பது மாணவருக்கு ஒருவர் புட்போல் வீரர். அந்த அளவு இடம் 1984இலும் 1991இலும் தேசிய இறுதியான வேனியர் கிண்ணம் வரை போயிருக்கிறது, இரண்டிலும் தோற்றாலும். உடம்பும் மனமும் உள்ள பொடியனுக்குச் சின்னப் பல்கலைக்கழகப் புட்போலைப் போல இலகுவாகத் திறக்கும் கதவு வேறில்லை.

உதைபந்தாட்டப் பொடியன்மாருக்குக் கனேடிய பிரிமியர் லீக் 2018 முதல் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவுசெய்து எடுக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு 2025இல் தொடங்கிய நோர்தேர்ன் சூப்பர் லீக் இருக்கிறது. ஆறு அணி, அதில் ஹலிபாக்ஸும் ஒன்று. இதை நம்பி எவரும் பல்கலைக்கழகம் தெரிவுசெய்ய வேண்டாம். ஆறு அணியில் எத்தனை கோல்காப்பாளர் வேண்டும் என்று எண்ணினால் போதும்.

## ஏஜாக்ஸ் பிள்ளை

மூன்று அணிப் பட்டியலையும் தாயும் மகளும் எடுத்து அனுப்பினார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்று கோல்காப்பாளர்: ஒருத்தி முதலாம் ஆண்டு, இருவர் இரண்டாம் ஆண்டு. அதை அப்பவே அடித்துவிட்டோம். பிள்ளைக்கு விருப்பமான பாடமும் அங்கே விசேடமாக ஒன்றும் இல்லை. கல்லூரியில் இருந்த ஒரே கோல்காப்பாளர் இந்த வருடத்தோடு போகிறார், அடுத்த செப்டெம்பரில் இடம் வெறும். நோவா ஸ்கோஷியாவில் இருவர்: ஒருத்தி ஐந்தாம் ஆண்டு, மற்றவள் முதலாம் ஆண்டு, அவள் இதுவரை ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

பிள்ளைக்குத் தாதியியல் படிக்க விருப்பம். நோவா ஸ்கோஷியாப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. கல்லூரியில் இருப்பது முன்னோடி வருடம் மட்டும். தாதியியலில் மருத்துவமனைப் பயிற்சி நேரம் வெள்ளிக்கிழமையில் விழுந்தால், பஸ் வெளிக்கிடும் நேரத்தில் அவள் நோயாளியின் கட்டிலடியில் நிற்பாள். நான் சின்னப் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அந்த ஒரு விசயம் தெரியாமல் வைப்புப்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று இரவு பிள்ளை கோச்சுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். இரண்டு கேள்வி: இப்போது அணியில் தாதியியல் படிக்கும் யாராவது இருக்கிறார்களா, அவரோடு நான் கதைக்கலாமா. மூன்றாவதாக, கோச்சின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற கேள்வியை எழுதிவிட்டு அழித்துவிட்டாளாம். அதைத் தாய் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.